99 சதவீதம் விழுந்த சீன ரியல் எஸ்டேட் பங்குகளை இப்போது வாங்கலாமா?

நீங்கள் அனுப்பிய கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். 2024 செப்டம்பருக்குப் பிறகு சீனப் பங்குச் சந்தை நன்றாக ஏறிவிட்டது. ரியல் எஸ்டேட் பங்குகள் மட்டும் அடிபட்ட இடத்திலேயே கிடக்கின்றன. ஒரு காலத்தில் 10, 20 ஹாங்காங் டாலருக்கு விற்றவை இன்று சில்லறைக் காசுக்குக் கிடைக்கின்றன, "நாற்பது காசுப் பங்கு" ஒன்றின் மேல் உங்களுக்குக் கண். கொஞ்சம் வாங்கிப் போட்டு மூன்று நான்கு வருடம் மறந்துவிட்டால், பழைய விலையில் கால் பங்காவது வராதா என்கிறீர்கள். போகிற போக்கில், "அவ்வளவு பெரிய நாட்டில் மக்களுக்கு வீடு வேண்டாமா?" என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. வீட்டுக்கு என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு, அதே விடையைப் பங்குக்கும் பொருத்தப் பார்க்கிறீர்கள். நான் இந்தத் துறையில் பார்த்தவரை பலர் பணத்தை விட்டது அந்த இடத்தில்தான். நானும் விட்டிருக்கிறேன், அதையும் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் பன்னிரண்டு வருடம் ஆசிய நிறுவனங்களின் கடன் பத்திரங்களை அலசும் வேலை பார்த்தேன். மேசைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் சீன வீட்டு நிறுவனங்கள். கடன் கொடுப்பவன் முதலில் பார்ப்பது பணம் திரும்பி வருமா என்பதை. பங்கு வாங்குபவர் பார்ப்பது எவ்வளவு பெருகும் என்பதை. அதனால் என் பார்வையில் சந்தேகம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் "இதற்கு மேல் எங்கே விழப்போகிறது" என்ற எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். 100 ரூபாய்ப் பங்கு 10 ரூபாய்க்கு வந்தால் 90 சதவீத வீழ்ச்சி. அந்த 10 ரூபாயில் வாங்கியவர், பங்கு 1 ரூபாய்க்கு வரும்போது தன் பணத்தில் மறுபடியும் 90 சதவீதத்தை இழக்கிறார். வரைபடத்தில் 90க்கும் 99க்கும் கோடு ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் ஓடும். பணப்பைக்குத்தான் வித்தியாசம் தெரியும். சீனாவின் பெரிய வீட்டு நிறுவனங்களில் ஒன்றான எவர்கிராண்டின் பங்கு 2017 அக்டோபரில் 31 ஹாங்காங் டாலரைத் தொட்டது. 2021 டிசம்பரில் 2 டாலருக்குக் கீழே வந்தபோதே 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. அப்போது "மலிவு" என்று வாங்கியவர்கள் உண்டு. 2024 ஜனவரி 29 அன்று ஹாங்காங் உயர் நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது. அன்று வர்த்தகம் நிறுத்தப்பட்டபோது விலை 16 காசு. 18 மாதம் தொடர்ந்து வர்த்தகம் நடக்காத பங்கை ஹாங்காங் சந்தை பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். 2025 ஆகஸ்ட் 25இல் எவர்கிராண்டை நீக்கிவிட்டது. 2 டாலருக்கு வாங்கியவர் இன்று 16 காசுக்குக்கூட விற்க முடியாது, விற்கச் சந்தையே இல்லை.

இந்த நிறுவனங்கள் எப்படிச் சம்பாதித்தன என்று தெரிந்தால்தான் ஏன் இப்படி விழுந்தன என்பது புரியும். சீனாவில் நகர நிலம் அரசுடையது. உள்ளூர் அரசு நிலத்தின் பயன்பாட்டு உரிமையை ஏலம் விடும், அந்த வருமானத்தை வைத்துச் சாலை, மெட்ரோ, பள்ளி என்று செலவு செய்யும். நிறுவனம் கடன் வாங்கி நிலத்தை எடுக்கும். கட்டடம் எழும்பும் முன்பே ஃப்ளாட்டுகளை விற்றுவிடும். வாங்குபவர் வங்கிக் கடனோடு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, வீடு வராத நாளிலிருந்தே தவணை கட்டத் தொடங்குவார். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து நிறுவனம் அடுத்த நிலத்தை வாங்கும். விற்பனை ஏறிக்கொண்டே இருக்கும்வரை இந்தச் சக்கரம் சுற்றும். வேகம் குறைந்தால்கூடப் போதும், சைக்கிள் சாய்ந்துவிடும்.

2016 டிசம்பரிலேயே ஷி ஜின்பிங்கின் அரசு, வீடு குடியிருக்கத்தான், ஊக வணிகத்துக்கு அல்ல என்று சொல்லிவிட்டது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2020 ஆகஸ்டில் "மூன்று சிவப்புக் கோடுகள்" வந்தன. வாங்குபவர்களின் முன்பணத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பொறுப்புகள் சொத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, நிகரக் கடன் சொந்த மூலதனத்தைத் தாண்டக் கூடாது, கையிருப்பு ரொக்கம் ஒரு வருடத்துக்குள் அடைக்க வேண்டிய கடனுக்காவது போதுமானதாக இருக்க வேண்டும். மீறினால் புதுக் கடன் வாங்குவதற்கு வரம்பு. படிக்க நியாயமான விதிகள்தான். ஆனால் சைக்கிளை ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் மிதிக்காமல் நிற்கச் சொன்ன கதை ஆகிவிட்டது. 2021 டிசம்பரில் 30,000 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் பொறுப்புகள் வைத்திருந்த எவர்கிராண்ட் கடனை அடைக்கத் தவறியது. 2022 மே மாதம் சுனாக், 2023 அக்டோபரில் கன்ட்ரி கார்டன், இரண்டும் பெரிய வீட்டு நிறுவனங்கள். நடுவே பெயர் தெரியாமல் போனவை ஏராளம்.

கன்ட்ரி கார்டன் பெயரைச் சொன்னதும் மலேசியாவின் ஜொகூரில் அது கட்டிய ஃபாரஸ்ட் சிட்டிதான் நினைவுக்கு வருகிறது. கடலைத் தூர்த்து, ஏழு லட்சம் பேர் குடியிருக்க என்று திட்டமிட்ட நகரம். துவாஸ் பாலம் வழியாக மலேசியா போகும்போதெல்லாம் அந்தக் கோபுரங்களைப் பார்ப்பேன். இருட்டிய பிறகு பார்த்தால் விளக்கு எரியும் ஜன்னல்களை விரல் விட்டு எண்ணலாம். பேலன்ஸ் ஷீட்டில் அவை எல்லாம் "சொத்து" என்ற தலைப்பின் கீழ்தான் இருந்தன.

சரி, இப்போது வரிசைக்கு வருவோம். நிறுவனம் நொடித்தால் இருக்கும் பணம் யாருக்கு முதலில் போகும்? சட்டப் புத்தகத்தில் ஒரு வரிசை இருக்கிறது, நடைமுறையில் சீன அரசு இன்னொன்றை வைத்திருக்கிறது. 2022 ஜூன் கடைசியில் ஜியாங்சி மாகாணத்தின் ஜிங்டெஜென் நகரில் பாதியில் நின்ற ஒரு எவர்கிராண்ட் குடியிருப்பை வாங்கியவர்கள், வீடு வராவிட்டால் வங்கித் தவணையை நிறுத்துவோம் என்று அறிவித்தார்கள். அது பல நகரங்களுக்குப் பரவியது. அன்றிலிருந்து அரசின் முதல் கவலை, பணம் கட்டியவருக்கு வீட்டை முடித்துக் கொடுப்பது. 2024 ஜனவரியில் வந்த "வெள்ளைப் பட்டியல்" கடன்களும் அதற்குத்தான். அந்தக் கடன் தனித்தனிக் கட்டுமானத் திட்டத்துக்குப் போகிறது, அந்தத் திட்டத்தின் கணக்கிலேயே பூட்டி வைக்கப்படுகிறது. தாய் நிறுவனம் அதில் கை வைக்க முடியாது. செய்தியில் "அரசு ரியல் எஸ்டேட்டைக் காப்பாற்றுகிறது" என்று வரும்போது பங்கு ஏறுகிறதே, அப்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். வீடு வாங்கியவரை அரசு காப்பாற்றுகிறது. அதன் செலவில் ஒரு பகுதி பங்குதாரரின் தலையில்தான் விழுகிறது.

வீடு வாங்கியவர், வேலையாட்கள், ஒப்பந்தக்காரர்கள், சீன வங்கிகள், உள்நாட்டுக் கடன் பத்திரம் வைத்திருப்பவர்கள், அப்புறம்தான் ஹாங்காங்கில் டாலர் பத்திரம் வாங்கிய வெளிநாட்டவர். நாம் வாங்கும் பங்கு பெரும்பாலும் கேமன் தீவில் பதிவான ஒரு தாய் நிறுவனத்தினுடையது. உண்மையான நிலமும் கட்டடமும் சீனாவுக்குள் இருக்கும் பல அடுக்குத் துணை நிறுவனங்களிடம். அந்த டாலர் பத்திரக்காரருக்கும் பின்னால்தான் பங்குதாரர் நிற்கிறார். எவர்கிராண்டைக் கலைப்பவர்களிடம் வந்து குவிந்த கோரிக்கைகள் சுமார் 4,500 கோடி டாலர். 2025 ஆகஸ்ட் வரை அவர்கள் சொத்துகளை விற்றுத் திரட்டியது சுமார் 25.5 கோடி டாலர். நூறு டாலர் கேட்ட கடன்காரருக்கு அரை டாலர் கணக்கு. பங்குதாரரின் முறை வரும் என்று யாரும் பேசவே இல்லை.

"ஆனால் புத்தக மதிப்பில் (சொத்திலிருந்து கடனைக் கழித்தால் கணக்குப்படி மிஞ்சுவதில்) பத்தில் ஒரு பங்குக்குத்தானே விற்கிறது?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். வேலையில் கடன் பத்திரங்களைச் சலித்துக்கொண்டிருந்த அதே வருடங்களில், சொந்தப் பணத்தில் நடுத்தர அளவு நிறுவனம் ஒன்றின் பங்கை, புத்தக மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு விலையில் வாங்கினேன். டிவிடெண்டும் கை நிறையக் கொடுத்தார்கள். விலை இறங்க இறங்க இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் செய்தேன். வர்த்தகம் நிறுத்தப்பட்ட நாளில் நான் போட்ட முதலில் ஏழில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தது. பிறகு உட்கார்ந்து கணக்கைப் பிரித்தபோதுதான் தெரிந்தது: சொத்து என்று காட்டியதில் பெரும்பகுதி கட்டி முடிக்காத வீடுகளும் காலி நிலமும், வாங்கிய விலையில் எழுதி வைத்தவை. சந்தை விலை 30 சதவீதம் இறங்கினால், கடன் அப்படியே நிற்க, சொந்த மூலதனம் முழுதும் கரைந்துவிடும். "ரொக்கம்" என்று காட்டியதில் பாதி, தொட முடியாத கணக்குகளில் பூட்டிக் கிடந்தது. கூட்டு முயற்சிகளில் "பங்காளி" என்று எழுதியிருந்தவர்களில் சிலர் நிலையான வட்டி வாங்கும் கடன்காரர்கள். பெயர் பங்கு, குணம் கடன்.

இதுவும் கணக்கு நேர்மையாக இருந்தால்தான். எவர்கிராண்டின் உள்நாட்டு நிறுவனம் 2019, 2020 இரண்டு வருடங்களில் 56,000 கோடி யுவானுக்கு மேல் வருவாயை ஊதிக் காட்டியது என்று சீனப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2024இல் அறிவித்தது. ஒப்படைக்காத வீடுகளை ஒப்படைத்ததாகக் கணக்கு எழுதியிருந்தார்கள். தணிக்கை செய்த பிடபிள்யூசியின் சீனப் பிரிவுக்கு அபராதமும் ஆறு மாதத் தடையும் விழுந்தன. இத்தனைக்கும் ஆண்ட்ரூ லெஃப்ட் என்ற அமெரிக்கர் 2012லேயே எவர்கிராண்ட் உள்ளுக்குள் திவாலாகிவிட்டது என்று அறிக்கை வெளியிட்டவர். ஹாங்காங் தீர்ப்பாயம் 2016இல் அது தவறான தகவல் என்று சொல்லி, அவரை ஐந்து வருடம் அந்தச் சந்தையிலிருந்து விலக்கியது. அடுத்த வருடமே பங்கு பல மடங்கு ஏறியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், என்னைப் போல் சந்தேகப்படுகிறவர்களும் வருடக்கணக்கில் முட்டாளாகத் தெரிவார்கள். நான் சொல்வதற்கு மறுநாளே உங்கள் பங்கு இரட்டிப்பாகலாம்.

அப்படி ஆனதும் உண்டு. கைசா என்ற ஷென்ஜென் நிறுவனம்தான் டாலர் பத்திரத்தில் தவறிய முதல் சீன வீட்டு நிறுவனம், 2015 ஏப்ரலில். இரண்டு வருடம் பங்கு வர்த்தகம் நின்றது. 2017 மார்ச்சில் திரும்ப வந்தபோது விலை சில மாதங்களில் இரண்டு மடங்குக்கு மேல் போனது. காத்திருந்தவர்கள் ஜெயித்தார்கள். காரணம், நடுவில் அரசு பழைய குடியிருப்புகளை இடித்து மக்களுக்கு ரொக்கமாக இழப்பீடு கொடுத்தது, அந்தப் பணம் வீடு வாங்க வந்தது, விற்பனை நாடு முழுவதும் எகிறியது. கடன் சீரமைப்பு கைசாவுக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தது, கரையேற்றியது விற்பனை. அதே கைசா 2021 டிசம்பரில் மறுபடியும் தவறியது. ஆகவே உங்கள் கேள்விக்கு அடுத்த கேள்வி, 2016 போல ஒரு விற்பனை அலை திரும்ப வருமா என்பதுதான்.

அதற்கு முன் 2024 செப்டம்பரைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் ஆசைக்கு விதை அங்கேதான். செப்டம்பர் 24 அன்று மத்திய வங்கித் தலைவர் பான் கோங்ஷெங் வங்கிகள் தன்னிடம் கட்டாயம் வைக்க வேண்டிய இருப்பின் விகிதத்தைக் குறைத்தார், பழைய வீட்டுக் கடன் வட்டியைக் குறைக்கச் சொன்னார், இரண்டாவது வீட்டுக்கான முன்பணத்தை 15 சதவீதமாக்கினார், பங்குச் சந்தைக்கு 80,000 கோடி யுவான் ஆதரவு அறிவித்தார். இரண்டு நாள் கழித்து கட்சியின் அரசியல் குழு, வீட்டு விலைச் சரிவை நிறுத்த வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னது. 30ஆம் தேதி சீனப் பெரிய பங்குகளின் சிஎஸ்ஐ 300 குறியீடு ஒரே நாளில் 8.5 சதவீதம் ஏறியது. ரியல் எஸ்டேட் பங்குகள் அதைவிடப் பல மடங்கு துள்ளின. அக்டோபர் 8 அன்று ஹாங்காங்கின் ஹாங் செங் குறியீடு 9 சதவீதத்துக்கு மேல் விழுந்தது, 2008க்குப் பிறகு அப்படி ஒரு நாள் இல்லை. அதே அக்டோபரில் சுனாக் என்ன செய்தது தெரியுமா? விலை ஏறிய சூட்டோடு புதுப் பங்குகளை வெளியிட்டுப் பணம் திரட்டியது. நிறுவனத்தின் நிலையில் இருந்து பார்த்தால் புத்திசாலித்தனம்தான். பங்கை வைத்திருந்தவருக்குத் தன் துண்டு சிறிதானது.

பிறகு 2025இல் சுனாக் தன் வெளிநாட்டுக் கடன், சுமார் 960 கோடி டாலரை, கட்டாயம் பங்காக மாறும் பத்திரங்களாக மாற்றும் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கியது. தலைப்புச் செய்தி "கடனில்லா சுனாக்" என்ற பாணியில் வந்தது. நிறுவனம் பிழைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடன்காரர்கள் எல்லாம் பங்குதாரர்களாக உள்ளே வந்தால், ஏற்கெனவே இருந்தவரின் பங்கு எத்தனையில் ஒன்றாகும் என்று கணக்குப் போட்டீர்களா? வந்தவர்களில் பலர் அந்தக் கடனை அடிமாட்டு விலைக்கு வாங்கியவர்கள். பங்கு கொஞ்சம் ஏறினாலும் விற்று லாபம் பார்த்துவிடுவார்கள். பழைய விலையை வரைபடத்தில் பார்த்து "20 டாலர் இருந்ததே" என்று கணக்குப் போடுவதில் அர்த்தமில்லாமல் போவது இதனால்தான். பங்குகளின் எண்ணிக்கை மாறிவிட்டால் பழைய விலை வேறொரு பொருளின் விலை.

சந்தை ஏற்றத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஷாங்காய் குறியீடு 2024 செப்டம்பரில் 2,700ஐ ஒட்டி இருந்தது, 2025 அக்டோபரில் 4,000ஐத் தாண்டியது. பத்து வருட உச்சம். இதை ஏற்றியவை செயற்கை நுண்ணறிவு, சிப், மருந்து ஆராய்ச்சி நிறுவனங்கள். 2025 ஜனவரியில் டீப்சீக் என்ற சீனச் செயற்கை நுண்ணறிவு மாடல் வந்த பிறகு அந்த வேகம் இன்னும் கூடியது. வீட்டிலும் வங்கி வைப்பிலும் நம்பிக்கை குறைந்த மக்களின் பணமும் பங்குக்கு வந்தது. அப்படியென்றால் வீட்டுச் சந்தையின் சோர்வே இந்த ஏற்றத்துக்கு ஓரளவு எரிபொருள். "மற்றதெல்லாம் ஏறிவிட்டது, இதுவும் ஏறும்" என்பது இங்கே செல்லாது.

இனி, எது உறுதி, எது ஊகம்? புதுக் கட்டட விற்பனை (பெரும்பகுதி வீடுகள்) 2021இல் சுமார் 18 லட்சம் கோடி யுவான், 2024இல் 10 லட்சம் கோடிக்கும் கீழ். பரப்பளவில் 179 கோடி சதுர மீட்டர் 97 கோடியானது. இவை அரசே வெளியிட்ட எண்கள். 2022இலிருந்து மக்கள்தொகை குறைந்துவருவதும், மூன்றில் இரண்டு பங்கு மக்கள் ஏற்கெனவே நகரங்களில் இருப்பதும் உறுதி. ஆகவே 2021இன் உச்சம் திரும்ப வராது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விலை எந்த வருடம் தரை தட்டும் என்பது ஊகம். ஷாங்காய் போன்ற நகரங்கள் முதலில் திரும்பும், சிறு நகரங்களில் காலி வீடுகள் வெகுகாலம் கிடக்கும் என்பது என் கணிப்பு, உறுதியல்ல. விற்காத வீடுகளை அரசே பெரிய அளவில் வாங்கத் தொடங்கினால் படம் மாறும். 2024 மே மாதம் அதற்கென 30,000 கோடி யுவான் ஒதுக்கினார்கள், அதுவே மெதுவாகத்தான் செலவானது.

அப்படியானால் இந்தத் துறையில் தொடவே எதுவும் இல்லையா? இருக்கிறது, ஆனால் சில்லறைக் காசுப் பங்குகளில் அல்ல. சைனா ரிசோர்சஸ் லேண்ட், சைனா ஓவர்சீஸ் போன்ற மத்திய அரசு சார்ந்த நிறுவனங்கள் குறைந்த வட்டியில் கடன் வாங்குகின்றன, தனியார் நிறுவனங்கள் விட்டுப்போன நல்ல நிலத்தைப் பெரிய நகரங்களில் எடுக்கின்றன. முதலாவதுக்கு ஷாப்பிங் மால் வாடகை என்ற நிலையான வருமானமும் உண்டு. வீடு விற்காத வருடத்திலும் அது வரும். இவை 99 சதவீதம் விழவில்லை, அதனால் யாருக்கும் உற்சாகம் வருவதில்லை. "அரசு சார்ந்தது" என்ற சொல்லையும் முழுதாக நம்பாதீர்கள். வான்கே என்ற பெரிய வீட்டு நிறுவனத்தின் பெரிய பங்குதாரர் ஷென்ஜென் மெட்ரோ, நகர அரசினுடையது. அது திரும்பத் திரும்பக் கடன் கொடுத்தும் வான்கே 2024இல் சுமார் 4,950 கோடி யுவான் நட்டம் காட்டியது, 2025 கடைசியில் உள்நாட்டுப் பத்திரத்தை அடைக்கத் தவணை கேட்டது. மெட்ரோ கொடுத்த கடனுக்கு அடமானமும் வாங்கிக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். கை தூக்கிவிட வந்தவரும் வரிசையில் உங்களுக்கு முன்னால்தான் நிற்கிறார்.

உங்கள் வயது, கடன், குடும்பச் செலவு எதுவும் எனக்குத் தெரியாது, அதனால் எவ்வளவு போடலாம் என்று சொல்ல மாட்டேன். ஆசை விடவில்லை என்றால், முழுதாகப் போனாலும் தூக்கம் கெடாத தொகையை ஒரே தடவையில் போடுங்கள். விலை இறங்கினால் மறுபடி வாங்காதீர்கள், என் கதி தெரியும். குறிப்பிட்டிருக்கும் அந்த "நாற்பது காசுப் பங்கு" எது என்று நீங்கள் சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும் அதன் கடைசி ஆண்டறிக்கையைத் திறந்து, தணிக்கையாளர் அறிக்கை உள்ள பக்கத்துக்கு முதலில் போங்கள். "கருத்துக் கூற இயலவில்லை" என்று அங்கே எழுதியிருந்தால் மற்ற பக்கங்களின் எண்களை நம்பி எதையும் கணக்கிட முடியாது. இல்லையென்றால், ஒரு வருடத்துக்குள் அடைக்க வேண்டிய கடனையும் தடையில்லாமல் எடுக்கக்கூடிய ரொக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு, பங்காக மாறக் காத்திருக்கும் பத்திரங்கள் எத்தனை என்று பாருங்கள். அந்த மூன்றையும் இங்கே பதிந்தால் மேற்கொண்டு சேர்ந்து பார்க்கலாம்.